தனியாக வந்து தஞ்சம் கேட்கும் பிள்ளைக்கு இங்கிலாந்தில் யார் பொறுப்பு?

பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ இல்லாமல் இங்கிலாந்துக்கு வந்து தஞ்சம் கேட்கிற 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை, குடிவரவைக் கவனிக்கும் அரசுத் துறையான ஹோம் ஆபீஸ்தான் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஹோம் ஆபீஸ் தஞ்ச மனுவை முடிவு செய்யும், அவ்வளவுதான். தங்க இடம், சாப்பாடு, பள்ளி, மருத்துவம் எல்லாம் கவுன்சிலின், அதாவது அந்தப் பகுதி உள்ளாட்சி நிர்வாகத்தின், கடமை. 1989ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 20ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, அதில் விசா உண்டா என்ற கேள்வியே கிடையாது.

16 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விடுவார்கள். 16, 17 வயதுக்காரர்களைப் பணியாளர் துணையோடு நடக்கும் பகிர்வு வீட்டிலும் வைப்பதுண்டு. ஒரு சோஷல் ஒர்க்கர் இருப்பார், பராமரிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முதல் மறுஆய்வுக் கூட்டம் 20 வேலைநாட்களுக்குள் நடக்க வேண்டும். இடம் பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்றால் அங்கே தயங்காமல் சொல்லலாம்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் கெண்ட் கரையில் வந்து இறங்கிய பிள்ளை அங்கேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒரே கவுன்சில் தலையில் சுமை விழக்கூடாதென்று 2016இல் தொடங்கி, 2021 கடைசியில் கட்டாயமாக்கிய மாற்றல் திட்டத்தில் வேறு ஊருக்கு அனுப்பலாம். இடையில் 2021இலிருந்து ஹோம் ஆபீஸே பிள்ளைகளை ஹோட்டல்களில் வைத்தது, பலர் காணாமலும் போனார்கள். அதை வழக்கமாகச் செய்தது சட்டவிரோதம் என்று 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது.

தெரிந்தவர் வீட்டில் இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: நாம் மாமா என்று கூப்பிடுகிறவரெல்லாம் சட்டத்துக்கு மாமா இல்லை. நெருங்கிய உறவல்லாத ஒருவர் வீட்டில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை 28 நாளோ அதற்கு மேலோ இருப்பதானால் கவுன்சிலுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

உண்மையான சிக்கல் வயதில்தான். கையில் ஆவணம் இல்லாத பிள்ளையின் வயதில் சந்தேகம் வந்தால் பொதுவாக இரண்டு சோஷல் ஒர்க்கர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். மொழிபெயர்ப்பாளரும், பிள்ளைக்குத் துணையாக ஒரு பெரியவரும் கூட இருக்க வேண்டும். முடிவு தவறென்றால் நீதிமன்றம் போகலாம், ஆனால் தாமதிக்காமல், எப்படியும் 3 மாதத்துக்குள். லீகல் எய்டில், அதாவது அரசு செலவில், வக்கீல் தேடலாம்.

கவுன்சில் எழுதும் அந்தப் பிறந்த தேதி 18க்குப் பிறகும் துரத்தும். 14 வயதுக்குப் பின் மொத்தம் 13 வாரமாவது, அதில் கொஞ்சம் 16 தாண்டியும், கவுன்சில் பராமரிப்பில் இருந்தால்தான் 18க்குப் பிறகும் முழு உதவி; ஆலோசகரின் துணையை 25 வயது வரை கேட்டுப் பெறலாம். 17 வயது 10 மாதம் என்று எழுதிவிட்டால் 13 வாரம் நிறையாது.