லாந்தர் மீன்

உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி ஆழ்கடலைப் பற்றிய கட்டுரையில் 'லாந்தர் மீன்' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் அடித்து 'விளக்கு மீன்' என்று திருத்தினேன். அன்று மாலை தேக்கா சந்தையில் காரல் மீன் வாங்கும்போதுதான் என் திருத்தமும் சரியில்லையோ என்று உறுத்தியது.

லாந்தர், வந்து நெடுநாளாகிவிட்ட விருந்தாளி. ஒளிர்தலைக் குறிக்கும் கிரேக்க வேரில் பிறந்து, இலத்தீனில் 'லான்டெர்னா' ஆகி, ஐரோப்பிய மொழிகள் வழியே இங்கு வந்த சொல். மலாய்க்காரர்களின் 'லென்தெரா'வும் அதன் உறவுதான். இம்மீன் குடும்பத்தின் அறிவியல் பெயரான 'மிக்டோஃபிடே'யிலோ விளக்கே கிடையாது. மூக்கு, பாம்பு என்னும் இரு கிரேக்கச் சொற்களின் ஒட்டு அது!

சுமார் 250 இனங்கள், பெரும்பாலானவை கைக்கடக்கமானவை. பகலில் 300 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில் கிடந்து, இருட்டியதும் இரைதேடி மேலே வரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஒலியலைகளை அனுப்பி எதிரொலியால் ஆழமறியும் சோனார் கருவிகள் கடலின் நடுவே பொய்த்தரை ஒன்றைக் காட்டின. இத்தகைய உயிர்களின் பெருங்கூட்டம்தான் அது. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலுக்கு அந்த ஆழமில்லை. 2018இல் நம் ஆய்வாளர்கள் இந்தோனீசியரோடு சேர்ந்து ஆழ்கடல் உயிர்களைத் தேட ஜாவாவுக்குத் தெற்கே போக வேண்டியிருந்தது.

லாந்தர் மீனின் வயிற்றில் வரிசையாகச் சிறு ஒளியுறுப்புகள் உண்டு. கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு மேலே மங்கிய வெளிச்சம் தெரியும். அதில் மீன் கரிய நிழலாய்ப் படும். வயிற்றொளி அந்த வெளிச்சத்தோடு கலந்து நிழலை அழித்துவிடுகிறது. நாம் வழி தெரிய லாந்தர் தூக்குகிறோம், இது ஒளிந்துகொள்ளத் தூக்குகிறது. ஒளியுறுப்புகளின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறுபடும்.

விளக்கு என்றால் ஏற்ற ஒரு கை வேண்டும், எண்ணெயோ மின்சாரமோ வேண்டும். உடலுக்குள் நிகழும் வேதிவினையால் சூடில்லாமல் ஒளிர்வதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: மின்மினி. ஆகவே 'மின்மினி மீன்' என்பேன். மின்னுவதால்தான் மீனுக்கே அந்தப் பெயர் என்பாரும் உண்டு. வானத்து அறுமீனும் (கார்த்திகை) வடமீனும் (அருந்ததி) நமக்கு மீன்கள்தாமே.

காரலும் ஒளிரும் மீன்தான். ஆனால் அதன் ஒளி, உணவுக்குழாயைச் சுற்றிக் குடியிருக்கும் பாக்டீரியாவிடம் வாங்கிய கடன். அதை மின்மினி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புளிக்குழம்பில் போட்டபோது காரல் என்றே கூப்பிட்டேன்.