பிப் வாங்கினால் கரண்ட் பில் குறையுமா? பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான எரிசக்தி உதவிகள்

பிரிட்டனில் ஒருவர் மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய மின்கட்டணத்தையோ எரிவாயுக் கட்டணத்தையோ குறைக்கும் பொதுவான அரசுத் திட்டம் இப்போது இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகையான பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட், சுருக்கமாகப் பிப், வருகிறது, ஆகவே பில்லிலும் ஏதோ தானாகக் கழியும் என்று காத்திருந்தால் குளிர்காலம் முடிந்துவிடும். உதவிகள் உண்டு. ஆனால் அவை வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை. பிப் போன்ற உதவித்தொகை நேராகப் பில்லைக் குறைக்காது. வேறொரு உதவிக்குத் தகுதியைத் திறந்துவிட்டு, அதன் வழியாகத்தான் பில்லுக்கு வந்து சேரும். இந்தச் சுற்றுவழி புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

செலவு கூடுதலாக இருப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாள் முழுக்க ஓடும் ஆக்சிஜன் இயந்திரம், காற்று மெத்தை, ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட், இரவெல்லாம் சார்ஜில் நிற்கும் சக்கர நாற்காலி, அடிக்கடி ஓடும் வாஷிங் மெஷின். நடமாட முடியாதவருக்கு உடல் சீக்கிரம் குளிர்ந்துபோகும், ஹீட்டரை அணைக்க முடியாது. மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கு மற்றவர்களைவிட மாதம் சராசரியாக 1,010 பவுண்ட் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று ஸ்கோப் தொண்டு நிறுவனம் 2024-இல் கணக்கிட்டது. எரிசக்தி விலை உச்சத்தில் இருந்தபோது, 2022 இலையுதிர்காலத்திலும் 2023 கோடையிலும், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தலா 150 பவுண்ட் தனியாகக் கொடுத்தது. அத்தோடு அது நின்றுபோனது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு தேவை உள்ளவர்களுக்கு மலிவான சமூகக் கட்டண முறை ஒன்றைப் பரிசீலிப்பதாக 2022 நவம்பர் நிதி அறிக்கையில் சொன்னார்கள், அதுவும் வரவில்லை. இயந்திரத்தை அணைத்தால் மூச்சு நின்றுவிடும் ஒருவரிடம் சிக்கனமாக இருங்கள் என்று சொல்ல முடியாது. அவருக்குத் தனிக் கட்டணம் வேண்டும் என்ற கோரிக்கை முழுக்க நியாயமானது. அது வரும்வரை, இருப்பதைத் தவறவிடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்

எல்லாவற்றிலும் பரவலானது இதுதான். குளிர்காலத்தில் ஒரு முறை மின்கட்டணத்தில் 150 பவுண்ட் கழிக்கப்படும். கையில் பணமாக வராது, கணக்கில் வரவு வைப்பார்கள். முன்கூட்டியே பணம் போட்டுப் பயன்படுத்தும் ப்ரீபேமென்ட் மீட்டர் என்றால் வவுச்சராகவோ டாப்-அப்பாகவோ வரும். மின்சாரமும் எரிவாயுவும் ஒரே நிறுவனம் என்றால், கேஸ் பில்லில் கழிக்கச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம்.

2022-க்கு முன்பு, வருமானம் குறைவாக இருந்து பிப் அல்லது டிஎல்ஏ (பிப்புக்கு முந்தைய உதவித்தொகை, இப்போது பெரும்பாலும் குழந்தைகளுக்கு) வாங்குபவர்களின் விண்ணப்பத்தையும் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. அந்த ஆண்டில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் விதி மாறியது. விண்ணப்பம் போய், அரசே தன் பதிவுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. தகுதி தரும் உதவிகளின் பட்டியலில் பிப், டிஎல்ஏ, முதியோருக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸ் மூன்றும் இல்லை. போதாததற்கு, வீட்டைச் சூடாக்க அதிகச் செலவாகும் என்று கணினி சொன்னால்தான் உண்டு என்ற நிபந்தனையும் சேர்ந்தது. சிறிய பிளாட்டில் இருந்தவர்கள் பலர் அதில் அடிபட்டார்கள். அந்தக் கடைசி நிபந்தனை 2025 குளிர்காலத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. முன்பு கிடையாது என்று பதில் வந்தவர்கள் இப்போது மறுபடியும் பார்க்க வேண்டும்.

2025-26 குளிர்காலத்தின் விதிப்படி, வருமானத்தைப் பொறுத்துத் தரப்படும் உதவிகளில் ஏதாவது ஒன்று உங்களுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும்: யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்தினருக்கான மாத உதவி), பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கு), ஹவுசிங் பெனிஃபிட் (வாடகை உதவி), இன்கம் சப்போர்ட், வருமானம் சார்ந்த இஎஸ்ஏ (உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு) அல்லது ஜேஎஸ்ஏ (வேலை தேடுபவர்களுக்கு). வருமானத்தைப் பார்க்காமல், கட்டிய நேஷனல் இன்சூரன்ஸைப் பொறுத்துத் தரும் நியூ ஸ்டைல் இஎஸ்ஏ இதில் சேராது. பிப்பும் நியூ ஸ்டைல் இஎஸ்ஏவும் மட்டும் வாங்குபவருக்கு இந்த 150 பவுண்ட் கிடைக்காது. யுனிவர்சல் கிரெடிட்டில் சிறு தொகையாவது சேர்ந்து வருமா என்று அவர் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அந்தச் சிறு தொகையே மற்றதற்கெல்லாம் தகுதியாகிவிடும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் நம் குடும்பங்கள் பல வழுக்குகின்றன. உதவி வாங்குபவரின் பெயரோ அவருடைய துணையின் பெயரோ மின்கட்டணக் கணக்கில் இருக்க வேண்டும். அதிகாரபூர்வமாக அவர் சார்பில் உதவித்தொகையைப் பெறுபவராக நியமிக்கப்பட்டவரின் பெயரும் செல்லும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட் வரும், பில் மகன் பெயரில் இருக்கும். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் மகன் என்பதால் கணக்கை அவரே திறந்திருப்பார். அரசின் பதிவில் இரண்டு பெயரும் பொருந்தாது, 150 பவுண்ட் போய்விடும். நிறுவனத்துக்குப் போன் செய்து அம்மாவின் பெயரையும் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். பெயர் சேர்ந்தால் கட்டணம் கட்டும் பொறுப்பும் அவருக்குச் சேரும் என்பதை யோசித்துக்கொண்டு செய்யுங்கள். எந்த நாளின் நிலவரத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். 2025-26 குளிர்காலத்துக்கு அது ஆகஸ்ட் 24. ஆகவே பெயர் மாற்றத்தைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும், டிசம்பரில் நினைவு வந்து பயனில்லை. வாடகையோடு பில்லையும் சேர்த்து வீட்டுக்காரரே கட்டும் அறைகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு வராது.

தகுதி உள்ளவர்களுக்கு அக்டோபரிலிருந்து கடிதம் வரும். சிலருடைய கடிதத்தில், குறிப்பிட்ட தேதிக்குள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று இருக்கும். அதை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் பென்ஷன் கிரெடிட் காரன்டீ பகுதி வாங்குபவர்கள் தவிர மற்றவர்கள் தங்கள் மின் நிறுவனத்திடம் விண்ணப்பித்துத்தான் வாங்க முடியும். வட அயர்லாந்தில் இந்தத் திட்டமே கிடையாது.

வயதான பெற்றோருக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ்

தொடக்கத்தில் சொன்ன சுற்றுவழிக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்பது ஓய்வூதிய வயதைத் தாண்டி, அன்றாடக் காரியங்களுக்கு இன்னொருவர் துணை தேவைப்படுபவர்களுக்கானது. 2025-26-இல் வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்ட். வருமானம், சேமிப்பு எதையும் பார்க்க மாட்டார்கள். பராமரிக்க ஆள் உண்மையில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, தேவை இருந்தால் போதும். இந்தத் தொகையையே ஹீட்டருக்குச் செலவழிக்கலாம், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

இதன் அடுத்த பலன் பலருக்குத் தெரியாது. தனியாக வாழும் ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியமாக வாரம் 250 பவுண்ட் வருகிறது, சேமிப்பு பெரிதாக இல்லை. பென்ஷன் கிரெடிட்டுக்கான அடிப்படை எல்லை 2025-26-இல் வாரம் 227.10 பவுண்ட். அவருடைய வருமானம் அதைத் தாண்டுவதால் கிடையாது என்று பதில் வந்திருக்கும். அப்புறம் அவருக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கிடைக்கிறது. இப்போது கடுமையான இயலாமைக்கான கூடுதலாக 82.90 பவுண்ட் அந்த எல்லையோடு சேர்ந்து, எல்லை 310 பவுண்டாக உயர்கிறது. அலவன்ஸை வருமானமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகவே அவருக்கு வாரம் 60 பவுண்ட் பென்ஷன் கிரெடிட் வரும். அதோடு வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட், கடும் குளிர் நாட்களுக்கான உதவி இரண்டுக்கும் தகுதி வந்துவிடும்.

ஆனால் யாரும் இதைத் தானாகக் கணக்குப் போட்டுக் கொடுக்க மாட்டார்கள். அலவன்ஸ் முடிவு வந்தவுடன், முன்பு நிராகரிக்கப்பட்டிருந்தாலும், பென்ஷன் கிரெடிட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வேறு வயதுவந்தவர்கள் அதே வீட்டில் வசித்தாலோ, அவரைப் பராமரிப்பதாகச் சொல்லி யாராவது கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கினாலோ இந்த 82.90 பவுண்ட் பொதுவாகக் கிடைக்காது. மகள் கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன்னால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இந்தக் கணக்கை இலவசமாகப் போட்டுத் தருவார்கள். அலவன்ஸ் விண்ணப்பத்தில் நல்ல நாளை நினைத்து எழுதாதீர்கள். "சமாளித்துக்கொள்கிறேன்" என்று எழுதும் நம் வழக்கம் அங்கே உதவாது. சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிறது, இரவில் எத்தனை முறை ஆள் எழும்ப வேண்டியிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

குளிர் கடுமையாகும்போது

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, உங்கள் பகுதியில் தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை 0 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தாலோ, ஒவ்வொரு ஏழு நாளுக்கும் 25 பவுண்ட் கிடைக்கும். இதற்குக் கோல்ட் வெதர் பேமென்ட் என்று பெயர். பென்ஷன் கிரெடிட் வாங்குபவர்களுக்கு உண்டு. யுனிவர்சல் கிரெடிட்டில் உடல்நிலை காரணமாக வேலை செய்யும் திறன் குறைவு என்று முடிவாகி, வேலையிலும் இல்லாதவர்களுக்கு உண்டு. யுனிவர்சல் கிரெடிட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கான கூடுதல் தொகை வந்தால், பெற்றோர் வேலை செய்தாலும் உண்டு. குழந்தைக்கு டிஎல்ஏ கிடைத்திருந்தும் அதை யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் தெரிவிக்காமல் விட்டால், மாதாமாதம் வர வேண்டிய கூடுதல் தொகையும் போகும், இந்த 25 பவுண்டும் போகும்.

ஸ்காட்லாந்தில் இதற்குப் பதிலாக, குளிர் எப்படி இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை வின்டர் ஹீட்டிங் பேமென்ட் தருகிறார்கள். கடுமையான இயலாமை உள்ள குழந்தைகளுக்கு அங்கே தனி உதவியே உண்டு. 2020-இல் 200 பவுண்டாகத் தொடங்கியது, இப்போது 250-ஐத் தாண்டிவிட்டது. பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் வாழும் குழந்தைக்கும் அதே குளிர்தான், இங்கேயும் கொடுக்கலாம்.

மருத்துவ இயந்திரங்கள்

அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் வழியாக வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருந்தால், அது இழுக்கும் மின்சாரத்தின் செலவு உங்களுடையது அல்ல. இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் காட்டும் மீட்டர் அதிலேயே இருக்கும். அதைப் பார்த்து, ஆக்சிஜன் வழங்கும் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. 350 வாட் இயந்திரம் தினம் 16 மணி நேரம் ஓடினால் 5.6 யூனிட். ஒரு யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் நாளைக்கு 1.40 பவுண்ட், 90 நாளில் 126 பவுண்ட். விட்டுவிடக்கூடிய தொகை இல்லை. பணம் வரவில்லையென்றால் அந்த நிறுவனத்துக்கே போன் செய்து வங்கி விவரம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்கள், கூடுதல் மின்சாரம், தண்ணீர்ச் செலவைத் திரும்பப் பெறுவது பற்றி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் கேட்க வேண்டும்.

பணம் இல்லாத, ஆனால் உயிரைக் காக்கும் பதிவு ஒன்றும் உண்டு: ப்ரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர். மின் நிறுவனத்திடமும், உங்கள் பகுதியின் கம்பி வலையமைப்பை நடத்தும் நிறுவனத்திடமும் பதியலாம், இலவசம். திட்டமிட்ட மின்தடையை முன்கூட்டியே சொல்வார்கள், பெரிய எழுத்திலோ பிரெய்லிலோ பில் அனுப்புவார்கள், வீட்டுக்கு வரும் ஊழியரை அடையாளம் காணக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் சரியாகப் பேசவோ படிக்கவோ வராதவர்களும் இதில் சேரலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. கரண்ட் போனால் 105 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

பில் பாக்கி விழுந்தால், உயிர்காக்கும் இயந்திரத்துக்குத் தொடர்ந்து மின்சாரம் தேவைப்படும் வீட்டில் உங்கள் சம்மதம் இல்லாமல் ப்ரீபேமென்ட் மீட்டர் பொருத்த ஆஃப்ஜெம் ஒழுங்குமுறை அமைப்பு தடை விதித்திருக்கிறது. இயந்திரம் இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்தால்தான் தடை வேலை செய்யும். மேலே சொன்ன பதிவு அதற்கும் தேவை.

வீட்டின் ஹீட்டர் முறையே உடல்நிலைக்கு ஒத்துவராவிட்டால், கவுன்சிலின் டிஸேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட் வழியாக மாற்றலாம். இங்கிலாந்தில் 30,000 பவுண்ட் வரை, வேல்ஸில் 36,000 வரை. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்காக என்றால் பெற்றோரின் வருமானம் பார்க்கப்படாது.

விசாவில் பொது நிதி கிடையாது என்ற நிபந்தனை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பிப், டிஎல்ஏ, அட்டென்டன்ஸ் அலவன்ஸ், யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் எல்லாம் பொது நிதிக் கணக்கில் வருபவை. விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், விசாவுக்கே ஆபத்தாகலாம். ப்ரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர் பொது நிதி அல்ல, ஆக்சிஜன் இயந்திரத்தின் மின்செலவைத் திரும்பப் பெறுவதும் அல்ல. இந்த இரண்டையும் யாரும் தயங்காமல் கேட்கலாம்.