கீமோ நடக்கும்போது வரும் வயிற்றுக்குத்து

"இவருக்குப் பழைய கேஸ்ட்ரைட்டிஸ் டொக்டர், ராத்திரியும் ரெண்டு பனடோல் போட்டவர்" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தார். ஐயாவோ முழங்காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் அசையாமல் கிடந்தார். கொட்டாஞ்சேனையில் இருந்து த்ரீவீலில் வந்திருக்கிறார்கள், வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாராம். கைவைத்துப் பார்த்தால் வயிறு அவ்வளவாக இறுகியிருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. வேறென்ன மருந்து எடுக்கிறார் என்று இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் பையிலிருந்து கிளினிக் கொப்பி வெளியே வந்தது: சிறுகுடலில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், முதல் கீமோ ஏற்றி ஆறாவது நாள்.

லிம்போமா என்றால் கழுத்திலும் கக்கத்திலும் நெறி கட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிணநீர்க்கணுக்களுக்கு வெளியே அது அதிகம் வருவது இரைப்பையிலும் குடலிலும்தான். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் கட்டி அரித்துவிட்டால் அந்த இடத்தில் சுவராக நிற்பதே கட்டிதான். கீமோவுக்கு அந்தக் கலங்கள் வேகமாகச் சாகும்போது, நல்ல தசை வளர்ந்து மூட நேரம் கிடைக்காமல் ஓட்டை விழுந்து, குடலில் உள்ளதெல்லாம் வயிற்றறைக்குள் கசிந்துவிடும். கீமோ தொடங்க முன்பே ஓட்டையாவதும் உண்டு. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இப்படிப்பட்ட 1062 நோயாளிகளில் 92 பேருக்குக் குடல் ஓட்டையாகியிருந்தது, அதில் பாதிக்கு மேல் கீமோ தொடங்கிய பிறகு.

எனக்குப் பயம் தருவது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட்தான். ஆர்-சொப் என்ற லிம்போமாக் கீமோ சிகிச்சையில் ஒவ்வொரு சுற்றிலும் 5 நாட்களுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கொடுப்போம், அதாவது 5 மில்லிகிராம் குளிசையில் இருபது. நோயோடு சண்டைபோடும் அதே மருந்து வயிறு இறுகுவதையும் காய்ச்சலையும் மறைத்துவிடும். மேலே பனடோலும் போட்டால் மிச்சமிருக்கிற காய்ச்சலும் தெரியாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் உடம்புக்கு எதிர்ப்புக் காட்டவும் வலு இருக்காது. வயிறு மெத்தென்று இருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதுதான் இதை எழுத வைக்கிறது.

ஐயாவின் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஈரலுக்கு மேலே பிறைபோல ஒரு கறுப்புக் கீற்று, ஓட்டை வழியாக வெளியேறிய காற்று. (சிலருக்கு அது எக்ஸ்ரேயில் தெரியாது, சிடி ஸ்கேன்தான் காட்டும்.) அன்றிரவே சத்திரசிகிச்சை செய்து பழுதான குடற்பகுதியை வெட்டியெடுத்தோம், சில மாதங்களுக்கு மலம் வெளியேற வயிற்றில் பை. காயம் ஆறியதும் கீமோ திரும்பத் தொடங்கியது. ஆகவே தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் பயத்தில் கீமோவை நிறுத்தாதீர்கள்.

ஆனால் குடலில் லிம்போமா இருக்கிறவருக்குப் புதிதாக வலி வந்தால், வயிறு ஊதினால், இருமும்போது அல்லது வாகனம் குலுங்கும்போது குத்தினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பார்மசியில் வலிக் குளிசை வாங்கவும் வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "குடலில் லிம்போமா, கீமோ நடக்கிறது, ஸ்டீரொய்ட் எடுக்கிறார்" என்று சொல்லிக் கொப்பியைக் கையில் கொடுங்கள். அப்புறம், வழியில் தேத்தண்ணியோ ஜீவனியோ கொடுக்க வேண்டாம், அன்றிரவே சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம்.