முழுநிலை அளவி: 'டோட்டல் ஸ்டேஷன்' என்ற சொல்லும் அதன் தமிழும்

சுரங்கப் பாதைக்காகவோ பல அடுக்கு நிலவறைக்காகவோ ஆழமாகத் தோண்டும் இடத்தை ஒட்டியுள்ள கட்டடங்களை உற்றுப் பார்த்தால், அவற்றின் சுவர்களில் உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிக் குமிழ்கள் அங்கங்கே பொருத்தப்பட்டிருப்பது தெரியும். சற்றுத் தள்ளி, ஒரு சுவரில் அடித்த இரும்புத் தாங்கியின் மேல், தொலைநோக்கியோடு கூடிய கருவி ஒன்று ஆள் துணையின்றித் தானே திரும்பி அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாக நோக்கிக்கொண்டிருக்கும். ஒரு குமிழைப் பார்த்தபடி சில நொடிகள் அசையாமல் நிற்கும். பிறகு தொலைநோக்கியைத் தலைகீழாகப் புரட்டி, உடலை அரைவட்டம் சுழற்றி, அதே குமிழை மறுபடியும் நோக்கும். அதன் பிறகே அடுத்ததற்குப் போகும். இரவு இரண்டு மணிக்கும் இதே வேலைதான். கட்டடங்கள் இடம்பெயர்கின்றனவா என்று அறிய வைத்திருக்கும் இந்த நில அளவைக் கருவியை வேலைத்தளத்தில் எல்லோரும் 'டோட்டல் ஸ்டேஷன்' என்கிறார்கள். தானாக இயங்கும் வகைக்கு முன்னால் 'ஆட்டோமேட்டிக்' என்றோ 'ரோபோட்டிக்' என்றோ ஓர் அடைமொழி சேரும். தமிழில் எழுத நேரும்போது சிலர் சொல்லுக்குச் சொல் வைத்து 'மொத்த நிலையம்' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு மொத்த வியாபாரமும் பேருந்து நிலையமும் நினைவுக்கு வருமே தவிர, சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்தக் கருவி நினைவுக்கு வர வழியே இல்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்பதை அறிய, ஆங்கிலப் பெயர் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 'ஸ்டேஷன்' என்பது நிற்றல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையடியிலிருந்து வந்தது. நில அளவையில் அது கட்டடத்தையோ நிறுத்தத்தையோ குறிப்பதில்லை. கருவியை நிறுத்தி அளக்கும் புள்ளியையே குறிக்கும். "ஸ்டேஷன் எங்கே போட்டிருக்கிறீர்கள்?" என்று ஓர் அளவையாளர் மற்றவரைக் கேட்டால், முக்காலியின் நேர் கீழே உள்ள ஆணித்தலை எங்கே என்பதுதான் கேள்வி. 'டோட்டல்' என்ற முன்சொல் 1970களில் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் தன் கருவிக்கு இட்ட விற்பனைப் பெயரின் வழியே பரவியது. அதற்கு முன்பு கோணத்துக்கு ஒரு கருவி, தொலைவுக்கு ஒரு கருவி, இரண்டையும் குறித்துக்கொள்ள ஒரு குறிப்பேடு என்று மூன்றையும் சுமந்து திரிந்தார்கள். மூன்றும் ஒன்றில் அடங்கிவிட்டன என்று சொல்லத்தான் 'டோட்டல்'. நகலெடுப்பதை 'ஜெராக்ஸ்' என்பது போல, ஒரு நிறுவனத்தின் பெயர் எல்லா நிறுவனங்களின் கருவிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. மூன்று பெட்டிகளைச் சுமந்த காலத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரில் பொருள் இருந்தது. இன்றைய வாசகருக்கு அந்த 'மொத்தம்' எதன் மொத்தம் என்றே தெரியாது; அதைத் தமிழுக்குத் தூக்கி வந்தும் பயனில்லை.

இக்கருவியின் மூதாதை, கோணம் மட்டும் அளக்கும் தியோடலைட். 1571இல் இங்கிலாந்தில் அச்சான லெனார்ட் டிக்சின் அளவை நூலில் இச்சொல் இலத்தீன் சாயலில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அதன் வேர் எது என்பது இன்னும் தீராத வழக்கு: பார்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பார் ஒரு சாரார், நோக்குச் சட்டத்தைக் குறிக்கும் அரபுச் சொல் உருத்திரிந்து வந்தது என்பார் மற்றொரு சாரார். ஒளியைக் கொண்டு தொலைவை அளக்கும் முறையோ மிகவும் பிந்தியது. ஒளியின் வேகத்தைத் துல்லியமாகக் கணிக்க முயன்ற சுவீடன் அறிஞர் எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட், வேகம் தெரிந்துவிட்டால் அதே அமைப்பைக் கொண்டு தொலைவை அளக்கலாமே என்று 1940களில் கண்டதன் விளைவு 'ஜியோடிமீட்டர்'. அதே பெயர்வரிசையில் 1990இல் வந்த கருவிதான், அளவையாளர் தொலைநோக்கிக்குப் பின்னால் நிற்காமலே குறியைத் தானே தேடிப் பிடித்த முதல் ரோபோ வகை. கட்டடங்களை இடைவிடாமல் கவனிக்கும் வேலைக்கு இவ்வகைக் கருவி வந்து சேர்ந்தது அதன் தொடர்ச்சியே.

இனி, கருவி என்ன அளக்கிறது என்பதற்கு வருவோம். சரியான பெயருக்கான திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. கிடைக்கோணம், செங்குத்துக்கோணம், சாய்தொலைவு (கருவியிலிருந்து புள்ளிவரை நேர்கோட்டுத் தொலைவு) என்னும் மூன்றையும் அளந்து, ஒரு புள்ளி வெளியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கிழக்கு, வடக்கு, உயரம் என்று மூன்று எண்களாகத் தருகிறது. அது அளப்பது அசைவை அன்று, நிலையை. இன்றைய நிலையிலிருந்து நேற்றைய நிலையைக் கழித்தால் கிடைப்பதே அசைவு. ஆகவே 'அசைவுமானி' என்று பெயரிடுவது கவர்ச்சியாகத் தோன்றினாலும் பிழை; ஒருமுறை மட்டும் அளந்த கருவிக்கு அசைவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. தோண்டத் தொடங்குவதற்கு முன்பே சில வாரங்களாவது, முடிந்தால் பருவங்கள் மாறும் வரையிலும், அடிப்படை அளவீடுகளை எடுத்து வைக்க வேண்டும் என்று பொறியாளர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். கட்டடம் யாரும் தொடாமலே அசைந்துகொண்டிருப்பது. 20 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் கட்டடத்தின் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால், அதன் உச்சி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலே போகும். வெயில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் கட்டடம் எதிர்ப்பக்கம் இலேசாக வளையும். வரைபடத்தில் இது நாள்தோறும் ஏறி இறங்கும் அலையாகத் தெரியும். கவலைப்பட வேண்டியது அந்த அலையைப் பற்றி அன்று. இறங்கிய பின் பழைய இடத்துக்குத் திரும்பாத கோட்டைப் பற்றியே.

'நிலை' என்பதற்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணைத் தோண்டும்போது பக்கத்து நிலம் தொட்டி போலத் தாழ்கிறது. கருவியைப் பொருத்திய சுவரே அந்தத் தாழ்வுக்குள் இருக்கலாம். அப்படியானால் கருவி இறங்கியதை எதிரே உள்ள கட்டடம் ஏறியதாகக் கணக்கு காட்டும். எனவே தோண்டலின் தாக்கம் எட்டாத தொலைவில், வெவ்வேறு திசைகளில், ஆதாரக் குமிழ்கள் சிலவற்றைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கருவி முதலில் அவற்றை நோக்கி, தான் இப்போது எங்கே நிற்கிறது என்பதை மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி) கணக்கிட்டுக்கொண்டு, அதன் பிறகே மற்றவற்றை அளக்கிறது. தன் நிலையையே ஒவ்வொரு முறையும் ஐயுற்று உறுதிசெய்துகொள்ளும் கருவிக்கு 'நிலையம்' என்ற அசைவற்ற பெயர் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

இதில் எதிர்பார்க்கும் துல்லியம் சிறியதன்று. ஒரு பாகையை 3,600 கூறிட்டால் கிடைக்கும் ஒரு விகலை, 100 மீட்டர் தொலைவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வேலைக்கான நல்ல கருவிகள் அரை விகலையிலிருந்து ஒரு விகலைக்குள் கோணம் அளக்கும். தொலைவிலோ காற்றின் வெப்பநிலையை 10 டிகிரி தவறாகக் கொடுத்தால் 100 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் பிழை நுழைந்துவிடும்; அதனால் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் கருவியோடு இணைந்தே இருக்கும். தொடக்கத்தில் சொன்ன தலைகீழ்ப் புரட்டலின் காரணமும் இதுதான். நேர் நிலையில் (இடமுகம்) ஒன்றும் புரட்டிய நிலையில் (வலமுகம்) ஒன்றுமாக எடுத்துச் சராசரி கண்டால், தொலைநோக்கியின் அச்சில் உள்ள சிறு கோணல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

இப்போது தமிழுக்கு வரலாம். 'ஸ்டேஷன்' நிற்றலிலிருந்து பிறந்தது போலவே, 'நில்' என்னும் வினையிலிருந்து பிறந்தது 'நிலை'. ஆனால் தமிழ்ச் சொல்லின் பரப்பு பெரிது. நிற்கும் இடமும் நிலை, நிற்கும் தன்மையும் நிலை, ஒன்று இருக்கும் இருப்பும் நிலை. கதவைத் தாங்கும் சட்டமும் நிலைதான். கட்டடம் ஒரு பக்கம் தாழத் தொடங்கினால் வீட்டிலிருப்பவருக்கு முதலில் தெரிவது, நேற்று வரை சீராகச் சாத்திய கதவு இன்று நிலையில் இடிப்பது. செவ்வகமாக இருந்த சட்டம் சாய்சதுரமாகிவிட்டது என்பதன் அறிகுறி அது. எந்தக் கருவிக்கும் முந்திய கருவி அந்த வாசல் நிலையே என்றுகூடச் சொல்லலாம்.

ஆங்கிலப் பெயரில் 'ஸ்டேஷன்' கருவி நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. தமிழில் 'நிலை' என்பதைக் கருவி அளக்கும் பொருளாக மாற்றிவிடலாம். ஒரு புள்ளியின் முழு நிலையையும், அதாவது மூன்று திசை எண்களையும், அளப்பது என்ற பொருளில் 'முழுநிலை அளவி' என்பது என் பரிந்துரை. 'முழு' என்பது 'டோட்டல்' என்ற பழைய சொல்லின் நிழலையும் ஓரளவு காப்பாற்றும். 'மானி' என்ற ஈறு வெப்பமானி, காற்றழுத்தமானி போன்றவற்றில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை. இருந்தாலும் 'நில அளவை', 'அளவையாளர்' என்று துறையே அளத்தலின் வழியில் பெயர் பெற்றிருக்கும்போது, கருவிக்கும் 'அளவி' என்பதே இயல்பாக ஒட்டுகிறது. நிலையிலிருந்து பெயர்ந்ததை 'நிலைபெயர்வு' என்றால், கருவியும் அது கண்டுபிடிப்பதும் ஒரே சொற்குடும்பத்தில் அமைந்துவிடும். கீழ்நோக்கிய நிலைபெயர்வுக்கு 'அமிழ்வு' என்பதும் சாய்ந்ததற்குச் 'சாய்வு' என்பதும் போதும்.

'ரோபோட்டிக்', 'ஆட்டோமேட்டிக்' என்ற முன்னடையில் பெரிய தர்க்கம் இல்லை. 'ரோபோ' என்பதன் வேர், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல். இரவெல்லாம் சுழலும் இக்கருவிக்கு அது பொருத்தமே என்றாலும், தமிழ் வாசகர் மனத்தில் கைகால் முளைத்த இயந்திரமாக அது பதிந்துவிட்டது. 'தானியங்கி' வெளிப்படையானது, வழக்கிலும் உள்ளது. எனவே 'தானியங்கி முழுநிலை அளவி'.

அந்தக் கண்ணாடிக் குமிழைப் பற்றி ஒரு சொல். தளத்தில் அதைப் 'பிரிசம்' என்பார்கள். கிரேக்கத்தில் 'அறுக்கப்பட்டது' என்று பொருள். தமிழில் 'பட்டகம்', பட்டை தீட்டுதல் என்பதில் வரும் பட்டையை, அதாவது தட்டையான முகத்தை, நினைவூட்டும் நல்ல ஆக்கம். ஆனால் பாடநூல் பழக்கத்தில் இதை 'முப்பட்டகம்' என்று எழுதினால் வெள்ளொளியை ஏழு நிறமாகப் பிரிக்கும் பொருளாகிவிடும். இது செய்வது வேறு வேலை. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கூடும் மூலை இது. உள்ளே வரும் ஒளி மூன்றிலும் பட்டு, வந்த திசைக்கு இணையாகவே திரும்பிப் போகும். குமிழ் சற்றுத் திரும்பியிருந்தாலும் இது மாறாது. கருவி அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, திரும்பிவந்த ஒளிப்புள்ளியைத் தன் உள்ளேயிருக்கும் கேமராவில் படமாகப் பிடித்து, அது குறுக்குக்கோட்டின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடுவது இந்தப் பண்பை நம்பியே. ஆகவே 'மீள்தெறிப்பி' என்பது அதன் தொழிலைச் சொல்லும் பெயர். 'மீள்தெறிப்புப் பட்டகம்' என்றும் விரிக்கலாம். இரண்டு குமிழ்களை நெருக்கி வைத்தால் கருவி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே இரவில் சுவர் பல சென்டிமீட்டர் நகர்ந்ததாக அறிவித்துவிடும் என்பதைப் பொருத்துபவர் நினைவில் வைக்க வேண்டும்.

மீதமிருப்பது 'மானிட்டரிங்'. இதற்குக் 'கண்காணிப்பு' என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே மேற்பார்வையைக் குறிக்கக் 'கண்காணி' என்ற சொல் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கியவை அல்ல. 'மானிட்டர்' என்பதன் இலத்தீன் வேருக்கு எச்சரித்தல், அறிவுறுத்தல் என்று பொருள். நம் சொல்லோ கண்ணில் தொடங்கிக் கண்ணிலேயே நிற்கிறது. இந்த வேறுபாட்டை அகராதிக்காரரின் பொடிவேலை என்று ஒதுக்க முடியாது. 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில், சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டிய ஆழ்குழி நிக்கல் நெடுஞ்சாலையோரம் இடிந்து நால்வர் இறந்தனர். அங்கே பேசியது முழுநிலை அளவி அன்று, மண்ணுக்குள் தாங்குசுவரின் வளைவை அளக்கும் வேறு வகைக் கருவி. அளவீடுகள் வரம்பைத் தாண்டியபோது, கணக்கைத் திருப்பிப் போட்டு வரம்பையே உயர்த்தினார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. கண் இருந்தது, காணவும் செய்தது, எச்சரிக்கைதான் நடக்கவில்லை. எனவே ஒப்பந்தங்களிலும் அறிக்கைகளிலும் கண்காணிப்பு என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், எந்த அளவில் யாருக்குச் செய்தி போகும் என்பதைக் குறிக்கும் 'எச்சரிக்கை வரம்பு', எந்த அளவில் வேலை நிற்கும் என்பதைக் குறிக்கும் 'நிறுத்து வரம்பு' ஆகிய இரண்டையும் சேர்த்தே எழுதுவது நல்லது.

இச்சொற்களைக் கொண்டு ஒரு நாளறிக்கையை எழுதினால் இப்படி அமையும்: "தானியங்கி முழுநிலை அளவி ஆதாரப் புள்ளிகளைக் கொண்டு தன் நிலையைச் சரிபார்த்தது, மாற்றமில்லை. வடகிழக்கு மூலையில் மூன்றாம் தளத்து மீள்தெறிப்பி, நேற்றுக் காலை 6 மணி அளவீட்டோடு ஒப்பிட, 2 மி.மீ. அமிழ்ந்துள்ளது, கிடைத்திசையில் நிலைபெயர்வு இல்லை. எச்சரிக்கை வரம்பு எட்டப்பட்டதால் வடிவமைப்புப் பொறியாளருக்கு 6.20க்குத் தெரிவிக்கப்பட்டது."