உங்கள் லிவ்ரே ஆ பணமும் ஆஷ்எல்எம் வீடும்

பிரான்சில் இருக்கும் நம்மவர்கள் அநேகமாக எல்லாரிடமும் லிவ்ரே ஆ என்ற சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கும், பிள்ளை பிறந்த கையோடு அதன் பெயரிலும் ஒன்று திறந்துவிடுவோம். வட்டிக்கு வரி இல்லை, 22,950 யூரோ வரை போடலாம், நினைத்த நேரம் எடுக்கலாம். நாடு முழுக்க இப்படிச் சேரும் பணத்தில் சுமார் 60 சதவீதம் கேஸ் தே தெப்போ என்ற அரச நிதி நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து ஆஷ்எல்எம் எனப்படும் குறைந்த வாடகைச் சமூக வீடுகள் கட்ட 40 வருடக் கடனாகவும், நிலம் வாங்க அதைவிட நீண்ட கடனாகவும் போகிறது. இது தெரிந்தவர்கள் குறைவு.

வீட்டு விண்ணப்பங்களுக்கு உதவுவதுதான் என் வேலை. "எங்களுக்கு எதுக்குத் தம்பி அரசாங்கத்திட்ட கையேந்திறது" என்று ஒரு அம்மா போன மாதமும் கேட்டார். பிச்சை இல்லை அம்மா, அது கடன். நீங்கள் கட்டும் வாடகையில் இருந்துதான் ஆஷ்எல்எம் நிர்வாகம் அதை வட்டியோடு திருப்பிக் கட்டுகிறது.

2022 ஜனவரியில் 0.5 சதவீதமாக இருந்த லிவ்ரே ஆ வட்டி 2023 பெப்ரவரியில் 3 சதவீதமானபோது நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆஷ்எல்எம் கடன்களில் பெரும்பகுதி அதே வட்டியோடு கட்டப்பட்டிருப்பதால் அவர்களுடைய செலவும் கூடவே ஏறியது, புதிதாகக் கட்டக் கையில் காசு குறைந்தது. 2025 ஆகஸ்டில் அது 1.7 ஆக இறங்கியபோது பலர் கோபப்பட்டார்கள், எனக்கு அது ஒரு நிம்மதி. பழைய கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் குளிர்காப்புப் போடுகிற வேலைக்கும் இதே பணத்தில் இருந்துதான் கடன் போகிறது. அந்த வேலை நடக்காத வீட்டில் பிள்ளைகளின் கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். 27 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன, பாரிஸ் பக்கம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தும் இடத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் இழக்கிறார்கள்: வருடா வருடம் புதுப்பிக்கவில்லை. யாரோ ஒருவர் காசு வாங்கிக்கொண்டு தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு விண்ணப்பத்தை நிரப்பியிருப்பார், நினைவூட்டல் அவருக்குப் போகும், அவர் பார்க்கமாட்டார். விண்ணப்பம் நீக்கப்பட்டால் திரும்ப முதலில் இருந்துதான், அத்தனை வருடக் காத்திருப்பும் கணக்கில் வராது.

விண்ணப்பிப்பது முற்றிலும் இலவசம், யாருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். "ஆளைத் தெரியும், வீடு எடுத்துத் தாறன்" என்பவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் ரசீதுகூட இருப்பதில்லை. வருமானம் இல்லாவிட்டாலும் வரிப் பத்திரம் போடுங்கள், அந்த வரிக் கடிதம் இல்லாமல் கோப்பு நகராது. வதிவிட அட்டை முடிகிற திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த வாரமே இணையத்தில் உங்கள் வீட்டு விண்ணப்பக் கணக்கைத் திறந்து அதில் இருக்கும் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பப் பதிவு இலக்கத்தோடு மேரிக்கு (நகரசபைக்கு) போய்க் கேளுங்கள்.