புதிய நீர்த்தேக்கம் வருகிறது: நிலமும் வீடும் கூலியும் இழப்பவர் அரசாணையில் முதலில் தேட வேண்டிய சொல்

புதிய நீர்த்தேக்கம் என்று அறிவிப்பு வந்தால் செய்தியில் இரண்டு எண்கள்தான் இருக்கும்: எத்தனை மில்லியன் கனஅடி, எத்தனை கோடி ரூபாய். நிலம் போகப்போகிறவருக்கு இவை இரண்டும் அவ்வளவு முக்கியமில்லை. அவர் தேட வேண்டியது நிர்வாக ஒப்புதல் அரசாணையில் திட்டத்தின் நோக்கம் ‘குடிநீர்’ என்று இருக்கிறதா, ‘பாசனம்’ என்று இருக்கிறதா, இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்பதை. அந்த ஒரு சொல்லைப் பொறுத்துப் பல உரிமைகள் கூடும், குறையும்.

காரணம், நில எடுப்புக்கான 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். நியாயமான இழப்பீடு, வெளிப்படைத்தன்மை, மறுவாழ்வு, மீள்குடியமர்வு என்று நீண்ட பெயர் கொண்ட இது 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதில் பாசனத் திட்டங்களுக்கென்று தனி விதிகள் உண்டு. பாசனத் திட்டத்துக்கு வேறு சட்டப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்றால், இந்தச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை என்று பிரிவு 6 சொல்கிறது. அதாவது கிராம சபையைக் கலந்து, ஆறு மாதத்துக்குள் முடித்து, பொது விசாரணை வைத்து எழுத வேண்டிய அறிக்கையே இல்லாமல் போய்விடலாம். மறுபுறம், பாசனத் திட்டம் என்றால் நிலம் இழந்த குடும்பத்துக்கு, நிலத்துக்கான இழப்பீட்டுக்குப் பதிலாக, ஆயக்கட்டுப் பகுதியில், அதாவது அந்தத் தேக்கத்து நீர் பாயும் பரப்பில், இயன்றவரை குறைந்தது ஒரு ஏக்கர் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எந்தத் திட்டமானாலும் இழந்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அது. நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமை தரலாம் என்ற வரியும் பாசன, நீர்மின் திட்டங்களுக்கே. நிலம் மூழ்குவதற்கு ஆறு மாதம் முன்பே மறுவாழ்வுப் பணிகளை முடிக்க வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். வெறும் குடிநீர்த் திட்டத்துக்கு ஆயக்கட்டே கிடையாது, ஆகவே பட்டியல் சாதி, பழங்குடியினர் தவிர மற்றவர் நிலத்துக்கு நிலம் கேட்க இடமும் இல்லை. பெயர்ப்பலகையில் குடிநீர் என்று போட்டுவிட்டு, விரிவான திட்ட அறிக்கையில் பாசனப் பயனையும் கணக்குக் காட்டியிருந்தால், அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த உரிமைகளைக் கேட்கலாம்.

அந்தப் பக்கத்தைப் பெற வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் அவகாசம். “திட்டம் பற்றிய தகவல் தரவும்” என்று பொதுவாக எழுதினால் ஒரு பத்தி பதில் வரும், அவ்வளவுதான். அரசாணை நகல், விரிவான திட்ட அறிக்கை, மூழ்கும் பகுதியின் சமமட்டக் கோட்டு வரைபடம் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டுவது), புல எண் வாரியான பட்டியல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வரைபடம் வந்ததும் பார்க்க வேண்டியது, எந்த மட்டம் வரை நிலம் எடுக்கிறார்கள் என்பதை. முழுக் கொள்ளளவு மட்டம் வேறு, வெள்ளம் வரும்போது தண்ணீர் ஏறி நிற்கும் அதிகபட்ச மட்டம் வேறு. சமதளத்தில் இரண்டுக்கும் இடையே உயரத்தில் சில அடிதான் வித்தியாசம் இருக்கும். ஆனால் தரையில் அது பல வயல் தூரம். முதல் கோட்டோடு நிலம் எடுப்பை நிறுத்தினால், கோட்டுக்கு வெளியே நிற்கும் வயல் மழைக்காலத்தில் மூழ்கும், பட்டாவோ உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், இழப்பீடும் இருக்காது. கரை, மதகு, உபரிநீர் வாய்க்கால், கரைக்கு மண் வெட்டும் இடம் ஆகியவற்றுக்கும் நிலம் வேண்டும் என்பதால், பட்டியலில் தண்ணீரே நிற்காத புல எண்களும் வரும். அதில் குழப்பமில்லை.

தமிழ்நாட்டில் புதிய தேக்கம் என்றால் பெரும்பாலும் பழைய ஏரியை விரிவாக்குவது அல்லது இரண்டு ஏரிகளைச் சேர்ப்பது. சென்னைக் குடிநீருக்காக 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் அந்த இரண்டு ஏரிகளைச் சேர்த்து உருவானது. கொள்ளளவு 500 மில்லியன் கனஅடி, ஏறத்தாழ 1,416 கோடி லிட்டர். பூண்டியின் 3,231, செம்பரம்பாக்கத்தின் 3,645 என்ற எண்களோடு வைத்துப் பார்த்தால் சிறியதுதான். இப்படிச் சேர்க்கும் இடங்களில் பழைய ஏரிப் பாசனக்காரரின் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்பதைத் திட்ட அறிக்கையில் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். நிலம் எடுக்கப்படாததால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

கொள்ளளவு எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் பயனுக்கு வராது, நாளாக நாளாக அங்கே வண்டல்தான் சேரும். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு மீட்டர் ஆவியானால் போவது சுமார் 35 மில்லியன் கனஅடி. ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் தேக்கத்தில் ஊரை மூழ்கடித்துத் தேக்கிய தண்ணீரில் கணிசமான பங்கு வெயிலுக்கே போய்விடும். ‘இதே கொள்ளளவை ஏற்கெனவே உள்ள ஏரியைத் தூர்வாரி, கரையை உயர்த்தி அடைய முடியாதா’ என்பது விசாரணையில் கேட்கத் தகுந்த கேள்வி. சமூகத் தாக்க மதிப்பீட்டிலேயே மாற்று இடங்களைப் பரிசீலித்தார்களா என்று எழுதியாக வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே களைந்துவிடலாம். ‘எண்பது சதவீதம் பேர் சம்மதிக்காமல் எடுக்க முடியாது’ என்று ஊரில் சொல்வார்கள். அந்த எண்பது தனியார் நிறுவனங்களுக்கான எடுப்புக்கு, எழுபது அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு. அரசே கட்டும் நீர்த்தேக்கத்துக்கு இந்தச் சம்மத விகிதம் பொருந்தாது. ஆகவே சம்மதக் கையெழுத்து போடாமல் இருப்பது பாதுகாப்பு அல்ல. ஆட்சேபத்தைக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

அந்தக் கெடு பிரிவு 11 முதல்நிலை அறிவிக்கையில் தொடங்குகிறது. அரசிதழ், இரண்டு நாளிதழ்கள், ஊராட்சி, வட்டாட்சியர் அலுவலகம், இணையதளம் என்று இது வெளியாகும். ஆட்சேபம் தர 60 நாள். நிலத்தின் பரப்பு சரியா, பொது நோக்கம் இருக்கிறதா, சமூகத் தாக்க அறிக்கையின் முடிவுகள் சரியா என்று எதைப் பற்றியும் எழுதலாம். அறிவிக்கை வந்தபின் அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. சந்தை மதிப்பும் அந்தத் தேதியை வைத்தே நிர்ணயமாகும். அறிவிக்கையிலிருந்து 12 மாதத்துக்குள் பிரிவு 19 உறுதி அறிவிப்பு, அதிலிருந்து 12 மாதத்துக்குள் இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்வாணை, பேச்சு வழக்கில் ‘அவார்டு’. அவசரப் பிரிவைக் காட்டி இந்தப் படிகளைத் தாண்டலாமா என்றால், அது நாட்டுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர் போன்றவற்றுக்கே. நீர்த்தேக்கம் அதில் வராது.

பணம் தாமதமாவது பெரும்பாலும் அரசாங்கத்தில் அல்ல, பட்டாவில். தாத்தா பெயரில் பட்டா, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், ஒருவர் இறந்து அவருக்கு வாரிசுகள், நிலமோ வாய்மொழிப் பாகத்தில் அனுபவம். இப்படி ஒரு புல எண் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று அலுவலர் முடிவு செய்ய மாட்டார். தொகையை, இழப்பீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் நில எடுப்பு ஆணையத்தில் கட்டிவிடுவார், அதை வெளியே எடுப்பது தனி வழக்கு. அதனால் அறிவிப்பு வதந்தியாக இருக்கும்போதே வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், உட்பிரிவு, புலப்பட நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிசெய்து வைக்க வேண்டும். ஆவணங்களை அறிவிக்கைக்குப் பின் இரண்டு மாதத்தில் புதுப்பிக்க வேண்டியது ஆட்சியரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இனி தொகை. சந்தை மதிப்பு என்பது வழிகாட்டி மதிப்பு, பக்கத்து ஊர்களில் இதே வகை நிலத்தின் சராசரி விற்பனை விலை ஆகியவற்றில் எது அதிகமோ அது. சராசரி எடுக்கும் முறையைக் கவனியுங்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு கிரயப் பத்திரங்கள் பதிவாகியிருந்தால், விலை அதிகமான ஆறை மட்டும் எடுத்துச் சராசரி போட வேண்டும். பன்னிரண்டையும் போட்டால் தவறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரங்களின் நகல் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் செலவல்ல. பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்துப் பதிந்த ஊரில் இந்தச் சராசரியும் தாழ்ந்துதான் நிற்கும், அதற்கு மருந்தில்லை. எடுப்பைத் தொடங்கும் முன் சந்தை மதிப்பைத் திருத்திப் புதுப்பிக்க ஆட்சியர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பிரிவு 26 சொல்வதை மட்டும் நினைவூட்டலாம்.

கணக்கு எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. ஏக்கர் சந்தை மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஊரகப் பகுதிக்கு 1 முதல் 2 வரை மாநில அரசு குறிக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். அது 1.25 என்று கொண்டால் 12.5 லட்சம். கிணறு, மரம், கட்டடம் 2 லட்சம் சேர்த்து 14.5 லட்சம். கட்டாயமாக எடுப்பதற்காகக் கூடுதலாகத் தரும் ஆறுதல் தொகை இதே அளவு, நூறு சதவீதம். ஆக 29 லட்சம். இதற்கு மேல், சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நாளிலிருந்து அவார்டு அல்லது சுவாதீனம், எது முந்தியோ அதுவரை, அடிப்படைச் சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம். இரண்டு ஆண்டு என்றால் 2.4 லட்சம். மொத்தம் 31.4 லட்சம். சமூகத் தாக்க மதிப்பீடே நடக்காத திட்டத்தில் இந்த 12 சதவீதத்தின் தொடக்க நாள் தகராறாகும். எந்த நாளிலிருந்து போட்டார்கள் என்று அவார்டு நகலில் பாருங்கள்.

மரமும் கிணறும் குறைந்துபோவது அளவீட்டு நாளில்தான். தென்னை என்று ஒரே வரியில் எழுதாமல், காய்ப்பில் உள்ளது எத்தனை, கன்று எத்தனை என்று பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், நிலத்தடிக் குழாய், வேலி, மோட்டார் கொட்டகை எல்லாம் பட்டியலில் ஏற வேண்டும். நிலத்தின் ஒரு பகுதி மட்டும் போய், மீதிக்கு வழி அறுந்தால் அந்தப் பிரிப்பு நட்டத்தையும் பிரிவு 28 கணக்கில் கொள்கிறது. ஆனால் அதைக் கேட்டு எழுதினால்தான் வரும்.

நிலமில்லாதவருக்கும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகளாக அங்கே வேலை செய்து, அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரக்காரர், கைவினைஞர் குடும்பங்கள் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ ஆகும். சிக்கல் சான்றில்தான். வாய்மொழிக் குத்தகைக்குக் காகிதம் இருக்காது. பயிர்க் காப்பீட்டு ரசீது, கூட்டுறவுக் கடன், நூறு நாள் வேலை அட்டை, குடும்ப அட்டை முகவரி என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டியதுதான். குடும்பத்தை எண்ணுவதிலும் ஏமாறக் கூடாது. வயது வந்தவர் ஆணோ பெண்ணோ, மணமாகாவிட்டாலும் தனிக் குடும்பமாகக் கணக்காவார். விதவை, மணமுறிவு பெற்றவர், கைவிடப்பட்ட பெண்ணும் அப்படியே. கணக்கெடுப்பவர் ‘ஒரு அடுப்பு, ஒரு குடும்பம்’ என்று எழுதினால் மறுத்துச் சொல்லுங்கள்.

அப்படிப் பட்டியலில் ஏறிய குடும்பத்துக்கு வேலை, இல்லாவிட்டால் ஒரே தவணையில் 5 லட்சம், அதுவுமில்லை என்றால் மாதம் 2,000 வீதம் இருபது ஆண்டு. பெருக்கிப் பார்த்தால் பிந்தையது 4.8 லட்சம்தான், ஆனால் விலைவாசிக் குறியீட்டோடு உயர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000, போக்குவரத்துக்கு 50,000, மீள்குடியமர்வுக்கு 50,000, மாட்டுத் தொழுவம் அல்லது பெட்டிக்கடைக்குக் குறைந்தது 25,000. வீடு போனால் கட்டிய வீடு.

அவார்டு தொகை போதாது என்றால் வாங்க மறுக்கத் தேவையில்லை. ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிப் பெற்றுக்கொண்டு, பிரிவு 64-ன்கீழ் ஆணையத்துக்கு அனுப்பக் கோரலாம். அவார்டு வழங்கியபோது நேரில் இருந்தால் ஆறு வாரம். இல்லாவிட்டால் அறிவிப்பு கிடைத்து ஆறு வாரம் அல்லது அவார்டு நாளிலிருந்து ஆறு மாதம், எது முந்தியோ அது. தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஓராண்டுக்குள் ஆட்சியர் ஏற்கலாம். பிரிவு 96-இன்படி இந்த இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது, அதனால் யாரும் வரி பிடித்தம் செய்தால் கேளுங்கள். பக்கத்து வயல்காரர் ஆணையத்துக்குப் போய்க் கூடுதல் தொகை வாங்கிவிட்டார், நாம் போகவில்லை என்றாலும் கதவு முழுதாக மூடவில்லை. நிலம் அதே முதல்நிலை அறிவிக்கையில் அடங்கியிருந்தால், அந்தத் தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பிரிவு 73-ஐச் சொல்லி அதே விகிதத்தில் மறுநிர்ணயம் கேட்டு ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம்.