ஒரே அச்சில் பிறந்த காசுகள்

தம்பலகாமத்திலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி, திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பழைய பால்மா ரின். கிணற்றுக்கு மண் வெட்டும்போது கிடைத்த காசுகளாம். மேசையில் துணி விரித்து மெதுவாகக் கொட்டச் சொன்னேன். இருபதுக்கு மேல் இருந்தன. பாதிக் காசுகள் கடையில் அன்றைக்குத்தான் வாங்கிய செம்புபோல மினுங்கின. மற்றப் பாதி பச்சையும் கறுப்புமாக, மண் ஒட்டியபடியே இருந்தன.

"இதென்னம்மா, பாதி மட்டும் மினுங்குது?"

"நான்தான் மகள் புளி போட்டுத் துலக்கினனான். குத்துவிளக்குத் துலக்கிற மாதிரித்தான். கை நோவெடுத்திட்டுது, மிச்சத்தை அப்பிடியே விட்டிட்டன். ஏன், பிழையோ?"

பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குத்துவிளக்கைத் துலக்காமல் வைப்பதைத்தானே நம் வீடுகளில் பிழை என்பார்கள். ஆனால் மண்ணிலிருந்து எடுத்த காசுக்கு அந்தக் கணக்கு சரிவராது. பல நூறு வருடம் மண்ணில் கிடந்த செம்பில் பழைய மேற்பரப்பு பெரும்பாலும் களிம்பாக மாறித்தான் மிஞ்சியிருக்கும். அரசனின் முகமும் எழுத்தும் அந்தக் களிம்புக்குள்தான் இருக்கின்றன. புளியின் அமிலம் களிம்பைத் தின்னும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடுகிறது. மினுங்கிய காசுகளில் ஒன்றில்கூட என்னால் ஒரு பெயரை வாசிக்க முடியவில்லை.

துலக்காதவற்றைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் அமர்ந்திருக்கும் உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. பொலன்னறுவைக் காலத்துச் செப்புக் காசுகள். ராஜராஜ சோழன் பெயரில் வெளிவந்த அதே உருவத்தை வைத்துத்தான் பின்னால் பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன், புவனேகபாகு என்று பலரும் காசு அடித்தார்கள். கந்தளாய்ப் பக்கம் சோழர் கல்வெட்டுகள் கிடைத்த நிலம், அதனால் தம்பலகாமத்தில் இவை கிடைத்ததில் வியப்பில்லை. என்னை வியக்கவைத்தது வேறு. இரண்டு காசுகளின் களிம்பில் துணி நெசவு பதிந்திருந்தது. துணி எப்போதோ உக்கிவிட்டது. செம்பின் உப்பு நூலுக்குள் ஊறி, நூலின் வடிவத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. அம்மம்மா சேலைத் தலைப்பில் சில்லறை முடிந்து வைத்திருப்பாரே, அதுபோல யாரோ துணியில் முடிந்து வைத்த காசு.

இந்த நெசவை நான் முன்பும் பார்த்திருந்தேன். வேறொரு ஊரில் ஒரு சிறிய சேகரிப்பைப் பதிவு செய்யப் போனபோது, ஒரு கடித உறைக்குள் ஒன்பது காசுகள் இருந்தன. அதே வகை, அதே மாதிரித் துணிப் பதிவு. பதிவேட்டைப் புரட்டினால் "திருகோணமலைப் பக்கம், அன்பளிப்பு" என்று மட்டும் இருந்தது. ஆண்டும் இல்லை, ஊரும் இல்லை. இரண்டும் ஒரே முடிச்சுக் காசுகளாக இருக்கலாம் என்று அந்த அம்மா என் முன்னால் இருக்கும்போதே தோன்றிவிட்டது. அப்படியென்றால், ஒரு மனிதர் ஒரு நாளில் சேர்த்து வைத்த பணம் இன்று இரண்டு ஊர்களில், ஒன்றை ஒன்று அறியாமல் கிடக்கிறது.

நாணயம் வைத்திருக்கும் நூதனசாலைகள் தனித்தனியே எவ்வளவு நன்றாகப் பேணினாலும், ஒன்றோடொன்று பேசாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

ஒரு வெண்கலச் சிலையைப் போல் அல்ல காசு. சிலை ஒன்றுதான் இருக்கும். காசோ ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் பிறக்கும், பிறந்த அன்றே பிரிந்து போகும். கைமாறிப் போவதுதான் அதன் தொழில். அதனால் எந்த ஒரு நூதனசாலையிடமும் ஒரு நாணய வகையின் முழுக்கதை இருக்காது. ஓர் அச்சில் சிறு வெடிப்பு விழுந்தால், அதற்குப் பிறகு அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அதே இடத்தில் ஒரு கோடு தெரியும். கொழும்பில் ஒரு காசு, சென்னையில் ஒன்று, லண்டனில் ஒன்று என்று இருக்கும் அந்தக் கோடுகளை அடுக்கிப் பார்த்தால்தான் எது முதலில் வந்தது, எத்தனை அச்சு இருந்தது, எந்த அளவுக்குப் பணம் அடித்தார்கள் என்று சொல்ல முடியும். முன்பெல்லாம் இதற்காகக் காசைச் சாந்தில் அச்செடுத்து ஊர் விட்டு ஊர் தபாலில் அனுப்பினார்கள். இன்று நல்ல படமும் எடையும் இருந்தால் போதும்.

நம் ஊருக்கே ஓர் உதாரணம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் ஒல்லாந்தர் இலங்கையிலேயே செப்பு ஸ்டைவர் காசுகளை அடித்தார்கள். தடிப்பான, ஒழுங்கில்லாத வட்டம். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. குறியோடு ஓர் எழுத்து இருக்கும். கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ. ரி என்றிருந்தால் அது திருகோணமலை. 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் பிடித்து, பிறகு மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்து, 1795இல் ஆங்கிலேயரிடம் போன துறைமுகம் இது. அந்த நெருக்கடிக் காலத்தில் இந்த ஊரின் பெயரால் அடித்த செப்புக்காசு என்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு ரி காசைக் கையில் தொட்டிருப்பார்கள்? ஒல்லாந்தக் காசென்றால் ஏலத்துக்கு வாங்குபவர்கள் எங்கும் இருக்கிறார்கள், அதனால் அது ஊரில் தங்குவதில்லை.

இந்தக் காசுகளை ஒப்பிட நெதர்லாந்துச் சேகரிப்புகளைப் பார்க்காமல் முடியாது. அங்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஊட்ரெக்ட் நகரில் இருந்த பண நூதனசாலை 2013இல் மூடப்பட்டது. பெரிய, பேர்பெற்ற இடம். அதன் தேசிய நாணயச் சேகரிப்பை நாட்டின் மத்திய வங்கி பொறுப்பெடுத்தது, அதனால் காசுகள் தப்பின. வசதியுள்ள நாட்டில் ஒரு நூதனசாலையே மூடப்படலாம் என்றால், இங்கே ஒரு பாடசாலை அலுமாரியிலோ கோயில் பெட்டகத்திலோ இருக்கும் காசுகளின் நிலை என்ன? பொறுப்பாளர் இளைப்பாறியதும் சாவி எங்கே என்று தெரியாமல் போன இடங்களை நான் கண்டிருக்கிறேன். பதிவின் பிரதி இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சேது காசுகளின் கதையும் இப்படித்தான். நந்தி உருவத்தோடு தமிழில் "சேது" என்று எழுதிய அந்தக் காசுகள் ராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவையா, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையவையா என்று ஒரு காலத்தில் வாதம் நடந்தது. காசை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதைத் தீர்க்க முடியாது. எங்கே கூடுதலாகக் கிடைக்கிறது, அதில் நிற்கும் உருவம் எந்தக் காசின் உருவத்தைப் பின்பற்றுகிறது என்று இரு கரையையும் பார்க்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து அரசர்களின் காசு என்பதே இன்று பலரும் ஏற்கும் முடிவு.

உலக அளவில் இதற்கு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1946இல் தொடங்கிய சர்வதேச நூதனசாலைகள் பேரவைக்குள், பணம் மற்றும் வங்கி நூதனசாலைகளுக்கென்றே 1994இல் ஐகோமோன் என்ற குழு உருவானது. காசு அடித்த ஒரு நாணயசாலையின் பெயர் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு மாதிரி எழுதப்பட்டாலும், கணினிக்கு எல்லாம் ஒன்றே என்று புரியவைக்கும் நொமிஸ்மா என்ற பொது முறையை 2010 முதல் பல சேகரிப்புகள் சேர்ந்து வளர்க்கின்றன. ரோமப் பேரரசின் காசுகள் அந்த வழியில் நிறையவே இணைந்துவிட்டன. நம் தீவின் காசுகளுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். இலங்கைக் காசுகளைப் பற்றிக் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட கொட்ரிங்டனின் நூல் 1924இல் வந்தது. இன்றும் ஒரு காசு கையில் வந்தால் நாங்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

சரி, ஒத்துழைப்பு என்றவுடன் மாநாடும் ஒப்பந்தமும் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள ஒத்துழைப்பு, ஒரே மாதிரி அளப்பதுதான். எடையைக் கிராமில் இரண்டு தசம தானம் வரை எழுதுங்கள். விட்டத்தை மில்லிமீற்றரில் எழுதுங்கள். காசை நேராகப் பிடித்து, மேலிருந்து கீழாக அல்லாமல் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்க உருவத்தின் தலை மணிக்கூட்டில் எத்தனை மணியைக் காட்டுகிறது என்று குறியுங்கள். அச்சு வைத்த பழக்கம் அதில் தெரியும். இரண்டு பக்கமும் அளவுகோலோடு படம் எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும், நெசவும் வெடிப்பும் காணாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊர், யாருடைய காணி, எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது என்று எழுதுங்கள். காசு தொலைந்தால் அதைப் போன்ற இன்னொன்று எங்கோ இருக்கக்கூடும். அது கிடந்த இடம் மறந்துபோனால் போனதுதான்.

பேணலிலும் அறிவைப் பகிரத்தான் வேண்டும். மேலே சொன்ன சேகரிப்பில் கடித உறைக்குள் இருந்த ஒன்பதும் பிழைத்தன. அழகான அல்பத்தில் வைத்த மற்றவை பிழைக்கவில்லை. அல்பத்தின் பக்கங்கள் பிவிசி என்ற பிளாஸ்டிக். வருடங்கள் போக அதிலிருந்து கசியும் பொருள் செம்பில் பட்டுப் பச்சைப் பசையாகிறது. பொலித்தீன், பொலிபுரப்பிலீன், மைலார் உறைகளில் இந்தத் தொல்லை இல்லை. விலையும் பெரிய வித்தியாசமில்லை. தெரியாததுதான் காரணம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இறுகிய, வழவழப்பான கரும்பச்சைக் களிம்பு காசுக்குக் கவசம், அதைத் தொட வேண்டாம். வெளிறிய பச்சையில் மாவாக உதிர்ந்தால் அது வேறு. வெண்கல நோய் என்று சொல்வோம். உப்பு மண்ணிலிருந்து வந்த குளோரைட் செம்புக்குள் பதுங்கியிருக்கும். காற்றின் ஈரமும் ஒட்சிசனும் பட்டதும் வேலை தொடங்கும். செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வார்களே, உள்ளேயே கூட இருப்பது என்று, எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். திருகோணமலைக் காற்று அதைவிட எவ்வளவோ ஈரமானது. ஆனாலும் குளிரூட்டி தேவையில்லை. இறுக்கி மூடும் சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். நோய் வந்த காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், பிறகு பேணல் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. "பொலிஸ் வருமோ பிள்ளை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இந்தப் பயத்தால்தான் பல காசுகள் உருக்கப்படுகின்றன, இரவோடிரவாக விற்கப்படுகின்றன. 1940இன் தொல்பொருள் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள். மண்ணில் புதிதாகக் கிடைத்தால் அறிவிக்க வேண்டும். மறைத்தால்தான் சிக்கல். புதையல் தேடித் தோண்டுவது குற்றம், கிணறு வெட்டும்போது கண்டதைப் போய்ச் சொல்வது குற்றமல்ல. இதை விளக்கி, தொல்பொருள் அலுவலகத்துக்கு நானே அவரோடு போனேன். துலக்கியவை, துலக்காதவை என்று இரண்டு உறைகளில் பிரித்து, ஒவ்வொன்றையும் நிறுத்து, படமெடுத்துக் கொடுத்தோம்.

பிறகு தம்பலகாமம் போய்க் கிணற்றடியைப் பார்த்தேன். "இந்தா, இதிலைதான், என்ர இடுப்பளவு ஆழத்தில" என்று கையை வைத்துக் காட்டினார். அதை அளந்து எழுதிக்கொண்டேன். ஒன்பது காசுகளை வைத்திருக்கும் பொறுப்பாளருக்கு நெசவின் படங்களை அனுப்பி, ஒரு சென்ரிமீற்றரில் எத்தனை இழை என்று எண்ணச் சொன்னேன். அவர் கோப்பாகவே அனுப்பினார். நெடுக்கும் குறுக்கும் இரண்டு பக்கமும் ஒத்து வந்தன. ஒரே முடிச்சு என்று உறுதியாகச் சொல்ல இது போதாது, அச்சுகளையும் மண்ணையும் ஒப்பிட வேண்டும். ஆனாலும் அவர் தன் பழைய பதிவேட்டில் "திருகோணமலைப் பக்கம்" என்ற வரிக்கு எதிரே, பென்சிலால் "தம்பலகாமம்?" என்றும் நம் உறைகளின் இலக்கத்தையும் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.